செசரியாவின் பசிலியார்: அந்நியருக்குக் கதவு திறந்தவர்

எமது பழைய மாணவிகள் சங்கம் நூறு ஆண்டுகளை நிறைவு செய்கிறது. இம்மலர் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கொழும்பிலும் வாசிக்கப்படும். லண்டன், ரொறன்ரோ, சிட்னி, ஒஸ்லோ என்று தொலைதூர வீடுகளுக்கும் போய்ச் சேரும். எங்கிருந்து வாசித்தாலும் நாம் எல்லோரும் ஒரே மண்டபத்தில் காலைப் பிரார்த்தனைக்கு நின்றவர்கள். கிறிஸ்தவப் பிள்ளைகளும் சைவப் பிள்ளைகளும் அருகருகே நின்று வேதாகமக் கதைகளைக் கேட்டோம். ரூத்தின் கதையும் நல்ல சமாரியனின் கதையும் எமக்கு வீட்டுக் கதைகள் போலவே ஆகிவிட்டன.

அக்கதைகளுக்கு அடியில் ஒரு பழைய கட்டளை இருக்கிறது. லேவியராகமமும் உபாகமமும் அதைத் தெளிவாகச் சொல்கின்றன. அறுவடை செய்பவன் வயலின் ஓரத்தை ஒட்ட அறுக்கக் கூடாது. சிந்திய கதிரைப் பொறுக்கக் கூடாது. மறந்துவிட்டு வந்த கதிர்க்கட்டை எடுக்கத் திரும்பிப் போகக் கூடாது. ஒலிவ மரத்திலும் திராட்சைக் கொடியிலும் மிஞ்சியதை அப்படியே விட்டுவிட வேண்டும். அவை ஏழைக்கும் பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் உரியவை. இதற்கு வேதாகமம் சொல்லும் காரணம் மிக எளிது: நீங்களும் எகிப்திலே பரதேசிகளாய் இருந்தவர்கள், அதை மறக்காதீர்கள்.

பரதேசி என்ற சொல் எமது பேச்சில் இன்று ஏச்சாகிவிட்டது. பழைய தமிழ் வேதாகமத்தில் அது வேறு தேசத்திலிருந்து வந்தவரைக் குறிக்கும் சாதாரண சொல். மோவாபியப் பெண்ணான ரூத் அப்படி வந்த ஒரு பரதேசிதான். போவாசின் வயலில் கதிர் பொறுக்கிப் பசியாறிய அவளே பின்னர் தாவீது அரசரின் பூட்டியானாள். இயேசுநாதரும் நியாயத்தீர்ப்பைப் பற்றிச் சொன்னபோது பசித்தவருக்கு உணவு கொடுத்தோமா, அந்நியரை வீட்டில் சேர்த்தோமா, நோயாளியைப் போய்ப் பார்த்தோமா என்பவற்றையே அளவுகோலாக வைத்தார்.

ஒரு வயலும் நான்கைந்து ஏழைகளும் என்றால் இக்கட்டளையைக் கடைப்பிடிப்பது கடினமல்ல. ஒரு முழு நகரமே பட்டினி கிடக்கும்போது, வீதியெங்கும் நோயாளரும் வழிப்போக்கரும் கிடக்கும்போது, என்ன செய்வது? ஏறக்குறைய 1,650 ஆண்டுகளுக்கு முன்பு இக்கேள்விக்குத் தம் கைகளாலேயே விடை தந்தவர் செசரியாவின் பசிலியார். திருச்சபை அவரைப் பெரிய பசிலியார் என்று போற்றுகிறது. இறையியல் படிப்போர் அவருடைய நூல்களுக்காக அவரை அறிவர். வைத்தியத்துறையில் இருக்கும் நாம் அவரை நினைப்பதற்கு வேறொரு காரணம் உண்டு. இன்று நாம் வேலை செய்யும் வைத்தியசாலை என்ற அமைப்பின் முன்னோடிகளுள் ஒன்றைக் கட்டியவர் அவர்.

பசிலியார் சுமார் 330ஆம் ஆண்டில் பிறந்தார். அவருடைய ஊரான செசரியா அக்காலக் கப்பத்தோக்கியாவின் தலைநகரம். இன்று அது துருக்கியின் நடுப்பகுதியில் கைசேரி என்ற பெயரில் இருக்கிறது. கடலுக்கு வெகுதூரத்தில், பனி கொட்டும் மேட்டு நிலத்தில் அமைந்த ஊர். புதிய ஏற்பாட்டில் பேதுருவின் முதலாம் நிருபம் யாருக்கு எழுதப்பட்டது என்று பார்த்தால், பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா முதலிய நாடுகளில் சிதறியிருந்த பரதேசிகளுக்கு என்று இருக்கும். அந்த மண்ணில்தான் இவர் பிறந்தார்.

குடும்பம் செல்வாக்கானது; பொந்து நாட்டில் நிலபுலன்கள் இருந்தன. ஆனால் அவ்வீட்டுக்கு ஒரு கசப்பான நினைவும் இருந்தது. கிறிஸ்தவர்கள் துன்புறுத்தப்பட்ட காலத்தில் பசிலியாரின் பாட்டனாரும் பாட்டியார் மக்ரீனாவும் வீட்டைவிட்டு ஓடிப் பொந்து நாட்டு மலைக்காடுகளில் சுமார் ஏழு ஆண்டுகள் ஒளிந்து வாழ்ந்தார்கள். வேட்டையாடி உண்டு, வெயிலிலும் குளிரிலும் காலம் கழித்தார்கள். அந்தப் பாட்டியின் மடியில்தான் பசிலியார் வளர்ந்தார். இடம்பெயர்ந்த கதையைப் பாட்டிமாரின் வாயால் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் எம்மிடையேயும் உண்டு. அது ஒரு பிள்ளையின் மனதில் என்ன விதைக்கும் என்பதை நாம் அறிவோம்.

பசிலியார் செசரியாவிலும் கொன்ஸ்தாந்திநோப்பிளிலும் படித்து, பின்னர் ஏதென்சுக்குச் சென்றார். அங்கே நசியான்சு கிரகோரியார் அவருடைய உயிர் நண்பரானார். இலக்கியம், பேச்சுக்கலை, மெய்யியல், வானியல் ஆகியவற்றோடு வைத்தியமும் ஓரளவு கற்றார். சிறு வயது முதலே நோயாளியாக இருந்ததும், நோயாளரைப் பராமரிக்கும் விருப்பமும் அவரை அந்தப் படிப்பின் பக்கம் இழுத்தன என்று நண்பர் கிரகோரியார் எழுதியுள்ளார்.

படிப்பு முடிந்து ஊர் திரும்பியபோது அவருக்குத் தலைக்கனம் அதிகமாக இருந்தது. ஊரில் தமக்கு நிகரான பேச்சாளர் எவருமில்லை என்ற நினைப்பு. அதை இறக்கி வைத்தவர் அவருடைய மூத்த சகோதரி மக்ரீனா. பாட்டியின் பெயரையே தாங்கியவர். நிச்சயிக்கப்பட்ட மணமகன் இறந்தபின் திருமணம் வேண்டாமென்று இருந்துவிட்ட அவர், தாய்க்குத் தம் கையாலேயே அப்பம் சுட்டுக் கொடுத்தார். வீட்டுப் பணிப்பெண்களும் எசமானியும் ஒரே மேசையில் ஒரே உணவை உண்ண வேண்டும் என்று தாயார் எம்மேலியாவையும் இணங்க வைத்தார். இன்னொரு சகோதரர் நவுக்கிராத்தியு, பெரும் பேச்சாளராகும் வாய்ப்பை விட்டுக் காட்டில் குடியேறி, வேட்டையாடிக் கொண்டுவந்து ஆதரவற்ற முதியவர்களுக்கு உணவளித்து வந்தார். வேட்டைக்குப் போன இடத்திலேயே இளம் வயதில் இறந்தார். ஆகவே ஏழைக்கு இரங்கும் பாடத்தைப் பசிலியார் ஏதென்சில் படிக்கவில்லை. அக்காவிடமும் தம்பியிடமும் படித்தார்.

அதன் பின்னர் அவர் ஞானஸ்நானம் பெற்று, எகிப்து, பலஸ்தீனம், சிரியா, மெசப்பொத்தேமியா ஆகிய நாடுகளுக்குச் சென்று துறவிகளின் வாழ்க்கையைப் பார்த்தார். தம் சொத்தில் பெரும்பகுதியை ஏழைகளுக்குக் கொடுத்தார். ஊர் திரும்பி ஐரிஸ் ஆற்றங்கரையில் துறவு வாழ்க்கை தொடங்கினார். ஆனால் குகையில் தனியே இருப்பது அவருக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை. தனித்திருப்பவர் எவருக்குப் பணிவிடை செய்ய முடியும் என்று அவர் கேட்டார். அவர் வகுத்த துறவு ஒழுங்கில் பிறரோடு சேர்ந்து வாழ்வதும் பிறருக்காக உழைப்பதும் முக்கிய இடம் பெற்றன.

சுமார் 369ஆம் ஆண்டில் கப்பத்தோக்கியாவில் கடும் பஞ்சம் வந்தது. பனியும் மழையும் பொய்த்தன, வயல்கள் வெடித்தன, ஆறுகள் வற்றின. கடற்கரைப் பட்டினங்களுக்குக் கப்பலில் தானியம் வரும். செசரியாவுக்கு அந்த வழியும் இல்லை. ஊரில் தானியம் அறவே இல்லாமல் போகவில்லை. களஞ்சியங்களில் பூட்டிக் கிடந்தது. விலை இன்னும் ஏறட்டும் என்று வியாபாரிகள் காத்திருந்தார்கள். யுத்த காலத்தில் ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கும் ஒரு கிலோ சீனிக்கும் என்ன விலை சொன்னார்கள் என்பதை நினைவு வைத்திருக்கும் சகோதரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பசிலியார் அப்போது ஆயர் ஆகியிருக்கவில்லை. செசரியாவில் ஒரு குருவானவர் மட்டுமே. அவரிடம் இருந்த ஆயுதம் பேச்சு. அந்நாட்களில் அவர் ஆற்றிய பிரசங்கங்கள் இன்றும் உள்ளன. லூக்கா நற்செய்தியில் வரும், களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த செல்வனின் கதையை எடுத்துக்கொண்டார். தேவைக்கு மேல் பூட்டி வைத்திருப்பது இல்லாதவனின் பங்கு என்று முகத்துக்கு நேரே சொன்னார். பிள்ளைகளுக்கு உணவு வாங்க வழியின்றி ஒரு பிள்ளையை விற்க நினைக்கும் தகப்பனின் மனதுக்குள் கேட்போரைக் கொண்டுபோய் நிறுத்தினார். எந்தப் பிள்ளையை விற்பது, மூத்ததையா, கடைசியையா என்று அத்தகப்பன் தடுமாறுவதை அவர் காட்டும் இடத்தை வாசித்துவிட்டுச் சும்மா இருப்பது கடினம்.

பஞ்ச காலத்துப் பிரசங்கம் ஒன்றில் பட்டினி உடலை என்ன செய்கிறது என்று படிப்படியாக விவரிக்கிறார். உடற்சூடு குறைவது, நிறம் மாறுவது, தசை கரைந்து தோல் எலும்போடு ஒட்டுவது, கண்கள் குழிவிழுவது, வயிறு முதுகோடு ஒட்டுவது, குரல் மெலிவது என்று வரிசையாகச் சொல்கிறார். கடும் போசாக்கின்மைக்கு உள்ளான நோயாளியை வாட்டில் பார்த்திருக்கும் நாம், இவர் கட்டிலருகே நின்று பார்த்துத்தான் பேசினார் என்று உணர்கிறோம். பசியால் வரும் சாவு மெதுவாக வரும் சாவு என்பதையும், தடுக்கக்கூடியவன் பேராசையால் தடுக்காமல் விட்டால் அவன் கொலைகாரனுக்குச் சமம் என்பதையும் அவர் மறைக்காமல் சொன்னார்.

களஞ்சியங்கள் திறந்தன. பசியால் வாடியவர்களை, ஆண், பெண், குழந்தை, முதியவர் என்று பாராமல் ஓரிடத்தில் சேர்த்தார். பெரிய அண்டாக்களில் பருப்புக் கூழும் உப்பிட்ட இறைச்சியும் காய்ச்சப்பட்டன. பசிலியார் இடுப்பில் துணியைக் கட்டிக்கொண்டு தாமே பரிமாறினார். சீடரின் கால்களைக் கழுவிய கிறிஸ்துவையே அவர் பின்பற்றினார் என்று நண்பர் கிரகோரியார் எழுதினார். யூதரின் பிள்ளைகளும் அந்தப் பந்தியில் பங்கு பெற்றார்கள் என்று அவருடைய தம்பி நிசா கிரகோரியார் குறிப்பிடுகிறார். சமயப் பகை கூர்மையாக இருந்த அக்காலத்தில் அது சிறிய காரியமல்ல.

மக்ரீனாவும் பஞ்ச காலத்தில் சும்மா இருக்கவில்லை. வீதியோரங்களில் கைவிடப்பட்டுக் கிடந்த பெண் குழந்தைகளைத் தூக்கிவந்து, பாலூட்டி, வளர்த்து, தம்மோடு வைத்துக்கொண்டார். 379ஆம் ஆண்டில் அவர் இறந்தபோது அவரை அம்மா என்று அழைத்துக் கதறியவர்கள் அந்தப் பெண்களே. ஒரு பெண்கள் கல்லூரியின் மலரில் அவருக்கும் ஓர் இடம் கொடுக்காமல் விடலாகாது.

370ஆம் ஆண்டில் பசிலியார் செசரியாவின் ஆயரானார். பஞ்சம் போய்விட்டது, ஏழைகள் போகவில்லை. ஆகவே நகருக்கு வெளியே பெரிய கட்டடத் தொகுதி ஒன்றை எழுப்பத் தொடங்கினார். மக்கள் அதைப் பின்னர் அவருடைய பெயராலேயே பசிலியாஸ் என்று அழைத்தார்கள். வழிப்போக்கரும் அந்நியரும் தங்க வீடுகள் இருந்தன. நோயாளருக்குத் தனி இடமும், அவர்களைக் கவனிக்க வைத்தியர்களும் தாதியரும் இருந்தனர். வேலை கற்கவும் செய்யவும் தொழிற்கூடங்கள் இருந்தன. பொதி சுமக்கும் விலங்குகளும், வழித்துணைக்குச் செல்வோரும்கூட ஏற்பாடு செய்யப்பட்டிருந்தனர்.

கடைசியாகச் சொன்ன வழித்துணை எம்மை மிகவும் தொட்ட விடயம். நோய் மாறிய பின்னும் வாட்டிலேயே தங்கிவிடும் முதியவர்களை நாம் அறிவோம். துண்டு வெட்டியாயிற்று, மருந்தும் கொடுத்தாயிற்று. கூட்டிப்போக ஆளில்லை, பஸ்ஸுக்குக் காசில்லை. பார்வையாளர் நேரத்தில் அவர்களின் கட்டில் பக்கம் எவரும் வருவதில்லை. நோயைக் குணமாக்குவதோடு வேலை முடிந்துவிடாது, அந்த மனிதர் பத்திரமாக வீடு போய்ச் சேரவும் வேண்டும் என்பதை நான்காம் நூற்றாண்டிலேயே ஒருவர் யோசித்து, அதற்கு ஆளும் விலங்கும் ஒதுக்கியிருந்தார்.

குட்டநோயாளருக்கும் அங்கே இடமிருந்தது. அந்நாளில் அவர்கள் வீட்டிலிருந்தும் ஊரிலிருந்தும் துரத்தப்பட்டார்கள். பெற்றவர்களே அவர்களை அண்டவிடவில்லை. பசிலியார் அவர்களைச் சகோதரராக அணைத்து முத்தமிட்டு வரவேற்றார் என்று கிரகோரியார் பதிவு செய்துள்ளார். இன்று பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சையால் அந்நோய் முற்றாகக் குணமாகும், மருந்தும் இலவசம். எனினும் மட்டக்களப்பு மாந்தீவையும் கொழும்புக்கு அருகிலுள்ள ஹெந்தளையையும் அறிந்தவர்களுக்கு, நோயாளரை ஊருக்கு வெளியே அனுப்பிவைக்கும் மனம் எவ்வளவு காலம் நீடித்தது என்பது தெரியும். மருந்தைக் கண்டுபிடிக்க முன்னரே அணைப்பைக் கண்டுபிடித்தவர் பசிலியார்.

எதிர்ப்பும் வந்தது. இவ்வளவு பெரிய கட்டடம் எதற்கு என்று மாகாண ஆளுநரிடம் சிலர் முறையிட்டார்கள். ஆளுநர் எலியாசுக்குப் பசிலியார் எழுதிய கடிதம் இன்றும் உண்டு. அந்நியருக்கும் நோயாளருக்கும் தங்க இடம் கட்டுவதால் எவருக்கு என்ன தீங்கு என்று அதில் பணிவாகவும் உறுதியாகவும் கேட்கிறார். மற்ற ஊர்களிலிருந்த ஏழைகளின் இல்லங்களுக்கு வரிவிலக்குக் கேட்டும் அதிகாரிகளுக்கு எழுதினார். அவருடைய கடிதங்களாக 300க்கும் மேற்பட்டவை எஞ்சியுள்ளன. அவற்றுள் பல, எவரோ ஒருவருக்காகப் பரிந்து எழுதியவை. கருணைக்குக் கடதாசி வேலையும் தேவை என்பதை, அரச அலுவலகங்களில் வேலை செய்த எமது சகோதரிகள் ஒப்புக்கொள்வார்கள்.

அக்காலப் பேரரசர் வாலென்ஸ் திருச்சபைக்குள் மறுதரப்பை ஆதரித்தவர். அவருடைய அதிகாரி மொதெஸ்துஸ் வந்து, பணியாவிட்டால் சொத்துப் பறிமுதல், நாடுகடத்தல், சித்திரவதை, மரணம் என்று மிரட்டினார். பறிப்பதற்குச் சில பழைய உடைகளும் கொஞ்சப் புத்தகங்களும் தவிர ஒன்றுமில்லை என்றும், உலகம் முழுவதும் கடவுளுடையது, தாம் எங்கும் தங்கிப்போகும் பரதேசியே, ஆகவே நாடுகடத்தல் என்பதற்குப் பொருளில்லை என்றும் பசிலியார் பதிலளித்ததாக வரலாறு கூறுகிறது. தம்மையே பரதேசியாக எண்ணியவருக்கு மற்றப் பரதேசிகளுக்கு இடம் கொடுப்பது கடினமாக இருக்கவில்லை. பின்னர் அதே பேரரசர், பசிலியாரின் பராமரிப்பில் இருந்த நோயாளருக்கென்று நிலங்களைக் கொடுத்தார். பசிலியார் அவற்றை ஏழைகளுக்காக ஏற்றுக்கொண்டார்.

ஆதரவற்ற பிள்ளைகளின் கல்வி பற்றியும் அவர் எழுதினார். ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் தனித்தனி விடுதிகளில் தங்கிப் படிக்க வேண்டும். வேதாகமக் கதைகளைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். நினைவில் வைத்திருப்போருக்குப் பரிசு வழங்க வேண்டும். உன் மனம் இப்போது எங்கே இருக்கிறது என்று ஆசிரியர் அடிக்கடி கேட்க வேண்டும் என்று ஒழுங்கு வகுத்தார். எமது விடுதிச் சாலையையும் பரிசளிப்பு விழாவையும், யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்த எம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ரீச்சர்மாரையும் நினைத்துச் சிரிக்கலாம்.

வாழ்நாள் முழுவதும் பசிலியார் ஈரல் நோயாலும் பலவீனத்தாலும் அவதிப்பட்டார். 379ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் திகதி, ஐம்பது வயதை எட்ட முன்னரே இறந்தார் என்பது மரபு. அவரை வழியனுப்ப வந்த கூட்டத்தின் நெருக்கத்தில் சிலர் உயிரையும் இழந்தார்கள். கிறிஸ்தவரோடு யூதரும் பிற சமயத்தவரும் அழுதார்கள். சுமார் அறுபது ஆண்டுகளுக்குப் பின்னர் எழுதிய சோசோமன் என்ற வரலாற்றாசிரியர், ஏழைகளுக்கான அந்த இல்லம் புகழோடு இயங்குவதாகக் குறிப்பிடுகிறார். கட்டியவர் போன பின்னும் கதவு திறந்தே இருந்தது.

கிரேக்க மக்கள் புதுவருட நாளில் பசிலியாரின் பெயரால் ஓர் அப்பம் சுடுவார்கள். வீட்டார் ஒவ்வொருவருக்கும் வெட்டும்போது ஏழைக்கும் அந்நியருக்கும் என்று ஒரு துண்டை எடுத்து வைப்பது பல வீடுகளில் வழக்கம். வயலின் ஓரத்தை விட்டு வைத்த அதே பழைய கட்டளைதான் அப்பத் துண்டாகத் தொடர்கிறது. மிஞ்சினால் கொடுப்போம் என்று இருந்தால் ஒருநாளும் மிஞ்சாது. முதலிலேயே ஒதுக்கி வைத்தால்தான் அது இருக்கும்.

நூறாவது ஆண்டில் எமது சங்கத்துக்கும் இதில் ஒரு கேள்வி இருக்கிறது. எம்மில் எத்தனையோ பேர் ஒரு காலத்தில் பெட்டியும் பிள்ளையுமாய் அறியாத ஊரின் வாசலில் நின்றோம். மொழி தெரியாத எமக்கு எவரோ ஒருவர் குளிருக்கு உடுப்புத் தந்தார், படிவம் நிரப்பித் தந்தார், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட வந்தார். இன்று நாம் வீட்டுக்காரர். திறப்பு எமது கையில். நாம் நின்ற அதே வரிசையில் இப்போது வேறு நாட்டவர் நிற்கிறார்கள். இனி எவரும் வரவேண்டாம் என்று எம்மவர் சிலரே பேசுவதும் காதில் விழுகிறது. நாட்டிலிருக்கும் எமக்கும் வேறு அந்நியர் இருக்கிறார்கள்: எமது மொழி பேசாத நோயாளி, தோட்டத்திலிருந்து வேலைக்கு வந்த பிள்ளை, கட்டணம் கட்ட முடியாமல் உயர்தரத்தோடு படிப்பை விடும் மாணவி.

அவர்களுக்காக வயலின் எந்த ஓரத்தை விடப்போகிறோம் என்பதை ஒவ்வொருவரும் தம் வீட்டிலும் தம் வேலையிடத்திலும் தீர்மானிக்கலாம், சங்கமாகவும் தீர்மானிக்கலாம். எகிப்திலே பரதேசிகளாய் இருந்தீர்கள் என்ற நினைவூட்டல் எமக்கும் உரியது. எமது கல்லூரி அன்னை நீடு வாழ்க! அவள் வளர்த்த பெண்களின் வீட்டுக் கதவுகள் எந்நாட்டிலும் திறந்திருக்க இறைவன் அருள்வாராக!